சும்மா இருந்த ஓட்டை

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு ஜீவிதாவின் போன் அடித்தது. திண்டுக்கல்லில் அவள் கம்ப்யூட்டர்களைப் பராமரித்துவந்த கண் ஆஸ்பத்திரியின் மேனேஜர் சுப்புராஜ்.

"ஏம்மா, எட்டு கம்ப்யூட்டரும் ஒண்ணோட ஒண்ணு பேச மாட்டேங்குது. ஜனம் காத்துக்கெடக்கு. உடனே வா."

அவள் போனபோது கூடம் நிரம்பியிருந்தது. சொட்டு மருந்து விட்டவர்கள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்கள். குஜிலியம்பாறையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஒருவர், "கைல எழுதிக் குடுத்தா ஆகாதா தாயி?" என்று வரவேற்பில் கேட்டுக்கொண்டிருந்தார். பழைய பரிசோதனை விவரமெல்லாம் கம்ப்யூட்டரில் மாட்டிக்கொண்டிருந்தது.

மாடிப்படிக்குக் கீழே, துடைப்பமும் பினாயில் கேன்களும் வைக்கும் இடத்தில்தான் ஹப் இருந்தது. எல்லா அறைகளின் ஒயர்களும் வந்து சேரும் சின்னப் பெட்டி. ஒரு கம்ப்யூட்டர் அனுப்புவதை அது மற்ற எல்லாவற்றுக்கும் அப்படியே தள்ளிவிடும். எதற்கானதோ அது மட்டும் எடுத்துக்கொள்ளும். பழைய சாமான். மாற்றச் சொல்லி ஜீவிதா இரண்டு முறை எழுதிக் கொடுத்திருந்தாள்.

அதில் விட்டுவிட்டு மின்ன வேண்டிய விளக்குகள் எல்லாம் ஒரேயடியாக எரிந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு ஒயராகத் தொட்டுக்கொண்டே போனாள். ஒரு சாம்பல் நிற ஒயரின் இரண்டு முனையும் அதே ஹப்பில் செருகியிருந்தன. ஒரு முனை வழியாக வெளியே போன தகவல் மறுமுனை வழியாக உள்ளே வந்து, திரும்பவும் போய், திரும்பவும் வந்து, வேறு எதற்கும் இடமில்லாமல் அடைத்திருந்தது.

ஒரு முனையைப் பிடுங்கினாள். விளக்குகள் விட்டுவிட்டு மின்னத் தொடங்கின. கூடத்திலிருந்து, "வந்துருச்சு!" என்று சத்தம் கேட்டது.

சுப்புராஜ் வந்து நின்றார். "யாரு சொருகுனது?"

மாப்போடு நின்றிருந்த அழகம்மாள் முன்னால் வந்தாள். அங்கே கூட்டிப் பெருக்குபவள்.

"நாந்தேன் சார். கூட்டும்போது ஒயரு தொங்குச்சு. பக்கத்துல ஓட்டை சும்மா இருந்துச்சு. கழண்டுருச்சு போலன்னு சொருகிட்டேன்."

"ஒனக்கெதுக்கு இந்த வேலை? நாளையிலேர்ந்து வராத."

அழகம்மாள் மாப்பின் கம்பைக் கைக்குள் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

ஜீவிதா ஒயரைப் பார்த்தாள். போன மாதம் சோதனைக்காக அவளே மாட்டியது. சின்னாளப்பட்டியில் வேறு வேலை இருந்ததால், அவசரத்தில் ஒரு முனையைத் தொங்கவிட்டுப் போயிருந்தாள். அது யாருக்கும் தெரியாது. அவளுடைய ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. சொல்லாமல் தன் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

"சார், அந்த ஒயரை அப்படி விட்டுட்டுப் போனது நான்தான். கழட்டி எடுத்திருக்கணும். அவங்க மேல தப்பில்ல."

சுப்புராஜ் அவளையே பார்த்தார். "படிச்ச புள்ள நீயே இப்படிப் பண்ணலாமா?"

"பண்ணியிருக்கக் கூடாது சார்."

"டாக்டர் கூப்புடுறாரு" என்று நர்ஸ் வந்து சொல்ல, அவர் போய்விட்டார். அழகம்மாளின் வேலையைப் பற்றி அதன்பிறகு அவர் பேசவில்லை.

"நீ சொல்லாம இருந்துருக்கலாம் தாயி" என்றாள் அழகம்மாள். "எனக்கு வேற எடம் கெடைக்கும்."

"எனக்கும் கெடைக்கும்க்கா."

ஒப்பந்தம் அவளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. மதுரைக்காரர் ஒருவருக்குப் போனது. சில நாள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பிறகு சித்தையன்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட வேலை வந்தது. முதல் நாள் ஒயர்களை இழுத்து முடித்ததும், அங்கே கூட்டும் பெண்ணைக் கூப்பிட்டு, எந்த ஒயர் எந்த அறைக்குப் போகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள்.