பனிக்கு ஒரு டயர்

கொச்சி மட்டாஞ்சேரிச் சுக்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு முதன்முறையாக ஸ்ரீநகர் போகிற சந்தோஷத்தில், லாரி டிரைவர் சங்கிலிப்பாண்டிக்கு மலையாளமே மறந்துபோயிற்று. வர்க்கியின் டயர் கடைக்குள் நுழைந்ததும், "சேட்டா, பனியில ஓட்ட நல்ல டயர் வேணும்" என்றான்.

வர்க்கி அவன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "பனியுண்டெங்கில் எந்தினாடா வண்டி ஓடிக்குன்னது? வீட்டில் போய்க் கிடக்கு!"

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டான். "காய்ச்சல் இல்ல சேட்டா, மஞ்ஞு! அங்க ரோடெல்லாம் ஐஸ்!"

ஐஸை இருவருமே மீன் பெட்டியில்தான் பார்த்திருந்தார்கள். அதனால் மீன் கடையிலிருந்தே ஒரு பாளத்தை வாங்கி வந்து வாசலில் போட்டார்கள். வழக்கமான டயரை அதன்மேல் நிறுத்திப் பக்கவாட்டில் தள்ளினால், வழுக்கிக்கொண்டு சாக்கடைக்கே போனது. மூணாறு எஸ்டேட் சேற்றில் ஏறும் வண்டிகளுக்கென்று வர்க்கி வைத்திருந்த, ஆழமான பள்ளங்கள் வெட்டிய டயரோ எவ்வளவு தள்ளியும் முரண்டு பிடித்து நின்றது.

"இது மதி" என்றார் வர்க்கி, இதுவே போதும் என்ற அர்த்தத்தில்.

டயர்களை மாட்டி லாரி கிளம்பியபோது, "டா, பனி பிடிக்காதெ நோக்கிக்கோ!" என்று பின்னாலிருந்து கத்தினார்.

சங்கிலிப்பாண்டி தலையை வெளியே நீட்டினான்.

"பனி என்னைப் பிடிக்காது சேட்டா. நம்ம டயர் பனியைப் பிடிச்சுக்கும்!"