பக்கச் சில்லு

ஒருகொடவத்தை ஹார்பர் யார்ட்டில் சங்கிலி அறுந்து கொள்கலன் சரிந்தபோது ரொனியின் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், யார்ட்டில் இரும்பு ஒட்டும் றொபேட் அவனுடைய மோட்டார் சைக்கிளைப் பிரித்து வேறொன்றாகப் பூட்டினான். பின்னால் இரண்டு பக்கமும் சில்லு. காலால் போடும் கியரைப் பெட்ரோல் டாங்கிக்குப் பக்கத்தில் ஒரு கம்பியாக நிமிர்த்தி, கிளச் பிடியையும் அந்தக் கம்பியின் தலையிலேயே வைத்தான். நல்ல மனதோடு செய்த வேலைதான். ரொனிக்கு அதைப் பார்க்கவே கூசியது.

திங்கட்கிழமை தானே ஓட்டிக்கொண்டு வந்தால் யார்ட்டில் கேற் காவல் வேலை. வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். மனேஜர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

வீடு இருக்கும் கொட்டாஞ்சேனையில் ஓடிப் பழக முடியாது. ஒற்றைக் கையால் ஹேண்டில் பிடித்துப் பறந்தவனென்று அந்தத் தெருவே அவனை அறியும். ஆகவே ஞாயிறு காலை வண்டியை றொபேட்டின் சின்ன லொறியில் ஏற்றி, தெரிந்த முகமில்லாத வெள்ளவத்தைக் கடற்கரை வீதியில் இறக்கச் சொன்னான். இருட்டிய பிறகு லொறி வந்து ஏற்றிப்போக வேண்டும் என்பது ஏற்பாடு. மனைவி றோஸியும் கூட வந்தாள்.

இரண்டு சில்லில் ஓடிய உடம்பு வளைவைக் கண்டதும் தானாகச் சரிந்தது. வண்டி சரியவில்லை. நேரே மதிலைப் பார்த்துப் போனது.

"கையத் திருப்புங்க, இடுப்ப இல்ல!" பின்னாலிருந்து றோஸி கத்தினாள். "டான்ஸா ஆடுறீங்க?"

"வாய மூடிட்டு இரு."

"மூடுனா மதில்ல கெடப்பம்."

கியர் மாற்ற இடது கை கம்பிக்குப் போகும். ஒற்றை வலது கையில் ஹேண்டில் நடுங்கும். அந்த நேரத்தில் பின்னால் பஸ் வந்து ஹோர்ன் அடித்தால் கம்பியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடிப்பான். வெயில் ஏறும்போது வளைவுகள் கொஞ்சம் படிந்தன. மதிலைத் தொடாமல் மூன்று சந்து திரும்பினான். றோஸி பேசாமல் இருந்தாள். அதுவே பாராட்டு.

காலி வீதிப் பெருந்தெருவுக்கு ஏறும் ஒரு சந்தின் வாயில், மர நிழலில் நிறுத்தினான். முன்சில்லு நடைபாதைக் கல்லில் முட்டி நின்றது. றோஸி இறங்கித் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தாள். அப்போது கோயிலுக்குப் போய் வந்த ஒரு அம்மா, நெற்றியில் திருநீறோடு, கையில் மரக்கறிப் பையோடு, பக்கச் சில்லைப் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தார்.

"தம்பி, இண்டையான் லொத்தர்ச் சீட்டு இருக்கோ? கடைசி இலக்கம் ஏழு பாத்துத் தாங்கோ."

ரொனி ஹேண்டிலை அறைந்து கத்தினான்.

"என்னப் பாத்தா லொத்தர் விக்கிற நொண்டி மாதிரியா இருக்கு? ரோட்டுல குந்தியிருந்து பிச்சையெடுக்கிறவன்னு நெனச்சீங்களா? நான் ஹார்பர்ல வேல செஞ்சவன்!"

அந்த அம்மா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினார். றோஸி அவரைப் பார்க்கவில்லை. ரொனியின் முதுகுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் திரும்பினான்.

பின்னால் ஒரு பக்கமாக இன்னொரு வண்டி வந்து நின்றிருந்தது. அதே மாதிரிப் பக்கச் சில்லுகள். மேலே குடை, முன்னால் லொத்தர்ச் சீட்டுகள் கிளிப்பில் தொங்கின. ஓட்டிவந்தவனின் இரண்டு கால்களும் சூம்பியிருந்தன. எல்லாம் கேட்டிருந்தான். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை.

"அய்யே," என்று சிங்களத்தில் அண்ணனாக அழைத்தான், "இது நான் நிக்கிற எடம். கொஞ்சம் எடுங்க."

எடுக்க முடியவில்லை. மோட்டார் சைக்கிளுக்குப் பின்கியர் கிடையாது. இரண்டு கால் இருந்தபோது உந்தித் தள்ளியிருக்கிறான், அதைப் பற்றி யோசித்ததே இல்லை. இப்போது ஒற்றைக் காலால் உந்தினான். வண்டி அசையவில்லை. றோஸி முன்னால் வந்து ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளினாள். கோயிலிலிருந்து வந்த அம்மாவும் பையை நிலத்தில் வைத்துவிட்டு மறுபக்கம் பிடித்தார்.

"குறை நினைக்காதேங்கோ தம்பி. எனக்குக் கண் வடிவாத் தெரியிறேல்ல."

அவன் ஒற்றைக் காலை ஊன்றி மறுபடியும் உந்தினான்.

"அய்யே," குடைக்குக் கீழிருந்தவன் சொன்னான், "பிரேக்க விடுங்க. புடிச்சிட்டிருந்தா அவங்க எப்பிடித் தள்ளுறது?"

விட்டான். வண்டி பின்னால் உருண்டது. மற்றவன் அந்த இடத்தில் நிறுத்தி, குடையைச் சரிசெய்துவிட்டு, "வாங்க அம்மா, ஏழு இருக்கு," என்றான். பிறகு ரொனியின் பக்கம் திரும்பவேயில்லை.

சந்துக்கு அப்பால் போனதும் றோஸி சொன்னாள்:

"லொறி வேணாம்னு றொபேட்டுக்கு மெசேஜ் போட்டுட்டன்."

"யாரக் கேட்டுச் சொன்ன?"

"அந்தாளும் பகல்லதான் ஓட்டுறாரு. நீங்க இருட்டுற வரைக்கும் ஒளிஞ்சிருக்கிறதுன்னா இருங்க. நான் பஸ்ல போறன். நாளைக்கி யார்ட்டுக்கும் லொறியிலதான் போவீங்களா?"

"அவன்ட்ட மன்னிப்புக் கேக்கவா?"

"கேட்டா அவருக்கு யாவாரம் கெடும். ஓட்டுங்க."

ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினான். காலி வீதி, காலிமுகம், கோட்டை. கியருக்குக் கை போன ஒவ்வொரு முறையும் றோஸி அவன் தோளை இறுக்கினாள். கொட்டாஞ்சேனையில் தேவாலயப் பூசை முடிந்து சனம் வீதியில் நிறைந்திருந்தது. பின்பக்கத்தால் வீட்டுக்குப் போக ஒரு ஒழுங்கை இருந்தது. அதைத் தாண்டி நேரே போனான். நடக்கிறவர்களின் வேகத்துக்கு மேல் போக முடியவில்லை. எல்லோரும் முதலில் சில்லைப் பார்த்தார்கள், பிறகு தொங்கிய கால்சட்டையை, கடைசியாக முகத்தை.

"யாரு, ரொனியா?" பேக்கரி வாசலில் நின்ற யோசெப்பீன் அக்கா குனிந்து பார்த்தார்.

கண்ணாடியைத் தூக்கினான். முகம் வேர்த்து, அடிபட்டவன் முகம்போல் சிவந்திருந்தது.

"ஓம் அக்கா. நான்தான்."

இடது கையைக் கம்பிக்குக் கொண்டுபோய் முதல் கியரைப் போட்டான்.