பதினோரு பேரின் சரிங்க

பிரயித்னோ லூராவாக, அதாவது ஊர்த்தலைவராக, ஊரை நடத்திய பத்தொன்பது வருஷத்தில், மண்டபத்தில் ஒருவரும் அவரிடம் "முடியாது" என்றதில்லை. அதில் மனுஷனுக்குக் கொஞ்சநஞ்சப் பெருமையா! அதட்ட மாட்டார், உத்தரவு போட மாட்டார். டீயும் வேகவைத்த மரவள்ளியும் வரும், நாலு கிண்டல் அடிப்பார், ஊர் சிரிக்கும். "அப்ப எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்பார். பாய் பாயாக "சரிங்க" எழும்.

அந்த ஜாவா மலையூரில் சரிங்க என்பது லேசுப்பட்ட வார்த்தை இல்லை. ஒத்துக்கொண்டாலும் சரிங்க, காதில் விழுந்தது என்றாலும் சரிங்க, போய்யா நீயும் உன் பேச்சும் என்றாலும் அதே சரிங்க.

போன மழைக்காலத்திலும் வீடுகளுக்கு மேலே மேட்டில் மண் வெடித்திருந்தது. இறங்கிப் போவதா, உருளைக்கிழங்கு தோண்டும்வரை இருப்பதா என்று கூட்டம். தூமினெம் மட்டும் எழுந்து, 'ஐயா' என்பதற்கு அங்கே சொல்லும் 'பாக்' போட்டுப் பேசினாள்.

"வெடிப்புக்குள்ள என் கை முழங்கை வரைக்கும் போகுது, பாக்."

"உன் கை எங்கதான் போகல? பக்கத்து வீட்டு மிளகாய்ச் செடி வரைக்கும் போகுதே!" என்றார் பிரயித்னோ.

மண்டபமே சிரித்தது. அவள் புருஷன் கார்த்தோவும் சிரித்தான். அவளும் "சரிங்க" என்று உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் நாள் மலை இறங்கி வந்தது. பதினோரு பேர் மண்ணுக்குள் போனார்கள். அவளும் அதில் ஒருத்தி.

இப்போது மிச்ச வீடுகளுக்கு மேலே புதிய வெடிப்பு. மூன்று நாளாக விடாத மழை. பொழுது சாய்வதற்குள் எல்லோரும் கீழே பள்ளிக்கூடத்துக்குப் போயாக வேண்டும். சம்மதமா என்று பிரயித்னோ கேட்டார்.

"சரிங்க."

ஒருவரும் செருப்பைக்கூடத் தேடவில்லை. அதோடு போகவில்லை. பின்வரிசையிலிருந்து, வழக்கம்போலக் கொஞ்சம் இழுத்து, தூமினெம் குரலும் கேட்டது. அவளைத் தொடர்ந்து இன்னும் பத்துக் குரல்கள். ஒவ்வொன்றும் யாருடையது என்று அவருக்குத் தெரிந்தது. மற்றவர்கள் பாட்டுக்கு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சரின்னு சொல்லாதீங்க! யாராவது என்னைத் திட்டுங்களேன்!"

"சரிங்க."

ஐயோ, அந்த மரியாதை! அவர் உடைந்துபோனார்.

"போன தடவை கூட்டத்தன்னைக்குக் காலைல நானும் மேட்டுக்குப் போனேன். என் கை தோள் வரைக்கும் உள்ள போச்சு. தெரிஞ்சேதான் உங்களைச் சிரிக்க வெச்சேன். இறங்கச் சொன்னா யாராவது முடியாதுன்னுடுவாங்களோன்னு பயம். அவ்வளவுதான், வேற ஒண்ணுமில்ல."

கார்த்தோ எழுந்தான்.

"நீங்க சொல்லி நான் போக முடியாது, பாக் லூரா. அவ சொன்னா. அவ சொல்லித்தான் போறேன்."

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மழையில் இறங்கினான். அவன் பின்னாலேயே பாய் பாயாக ஊர் எழுந்தது. குழந்தைகளை இடுப்பில் தூக்கினார்கள், கிழவர்களைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார்கள். பிரயித்னோவை யாரும் கூப்பிடவில்லை. எல்லோரும் பிழைத்தார்கள் என்று அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

பிறகு காலிப் பாய்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

"கூட்டம் முடிஞ்சுது. நீங்களும் எழுந்திருங்க."

பின்வரிசையில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மேலே கற்கள் உருளும் சத்தம் கேட்டது. அவர்களை இன்னொரு தடவை விட்டுவிட்டுப் போக அவருக்குக் கால் எழவில்லை.