நாற்பது விநாடி

பாப்பாவுக்கு வயது பதின்மூன்று. அவளுக்கு உயிர் கிடையாது. சலவைக் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் அறையில், மேசை நடுவே சாய்த்து வைத்திருந்த ஒரு செல்போனுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. பதின்மூன்று வயதுப் பெண் என்று சொல்லி அதில் வீடியோ காட்டும் ஒரு ஆப்பில் கணக்குத் தொடங்கியிருந்தோம். தினமும் மாலை ஐந்திலிருந்து ஆறு வரை அதைத் திறந்து, அந்த வயதுப் பிள்ளைக்கு என்னென்ன விளம்பரம் வருகிறது என்று எழுதி வைப்போம். எதையும் தேடக் கூடாது. எதற்கும் லைக் போடக் கூடாது. விரலால் தள்ளிக்கொண்டே போகலாம், அவ்வளவுதான்.

நாங்கள் ஆறு பேர். விளம்பரக்காரர்களிடமிருந்து பிள்ளைகளைக் காப்போம் என்று வாசலில் ஒரு பலகை உண்டு. கீழே துணி தேய்ப்பவருக்கு அதைப் படிக்கப் பொறுமை இல்லை, எங்களை ‘மாடிச் சண்டைக்காரங்க’ என்றே சொல்வார். அவர் சொல்வதுதான் சரியான பெயர் என்று எனக்குப் படும். குழுவுக்குத் தலைமை கணக்கு டீச்சர். பாப்பாவின் திரையைத் தள்ளுவது பஸ் ஓட்டும் தம்பி. எழுதுவது நான். கோர்ட்டில் சாட்சிகள் சொல்வதைத் தட்டச்சு செய்வது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக ஒரு இருமலைக்கூட விட்டதில்லை என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதனால் ஒவ்வொரு விளம்பரத்தையும் அதில் வரும் பெண் கட்டியிருக்கும் ரிப்பனின் நிறம் வரைக்கும் எழுதுவேன். நான் ‘ஆச்சு’ என்று சொன்ன பிறகுதான் தம்பி அடுத்ததைத் தள்ளுவார்.

பாப்பாவுக்கு வந்ததில் முக்கால்வாசி, உடம்பை இளைக்க வைக்கும் ஒரு பவுடரின் விளம்பரம். ‘முன்’ என்று ஒரு படம், ‘பின்’ என்று ஒரு படம். முதல் நாள் இரண்டு வந்தது. முப்பதாம் நாள் முப்பத்தொன்று. பிள்ளைகளுக்கு இந்த மாதிரி விளம்பரம் காட்டக் கூடாது என்று ஒரு விதி கொண்டுவரலாமா என அரசாங்கம் விசாரணைக் குழு போட்டிருந்தது. அங்கே வைக்க எங்கள் கையில் இருந்தது இந்த நோட்டு ஒன்றுதான்.

முப்பதாம் நாளுக்கு மறுநாள் காலை, என் மகள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள்.

அவளுக்கும் பதின்மூன்றுதான். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று டாக்டர் சொன்னார். நான் கட்டிக் கொடுத்த டப்பாக்கள் அப்படியே அவள் பையில் இருந்தன. ஊரான் பிள்ளைகளைக் காப்பாற்ற மாடி ஏறியவளுக்குத் தன் பிள்ளையின் தட்டைப் பார்க்க நேரமில்லை. வெட்கத்தில் என்னால் டாக்டரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் கட்டிலில் உட்கார்ந்து கேட்டேன்.

“உன்னைக் குண்டுன்னு எவ சொன்னா? பேரைச் சொல்லு, நான் பார்த்துக்கறேன்.”

“யாரும் சொல்லலைம்மா. போன்ல எனக்கு அதுவே வருது. என் ஃப்ரெண்டுக்கு வரலை. எனக்கு மட்டும் வருதுன்னா, போனுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?”

“நீ லைக் போட்டியா? தேடினியா?”

“சத்தியமா இல்லை. அந்த ‘முன்’ படத்துல இருக்கிற பொண்ணு மாதிரி நான் இருக்கேனான்னு பார்த்துக்கிட்டே இருப்பேன். அவ்வளவுதான்.” பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது. உங்க மாடி ஆளுங்ககிட்ட கூட. சொன்னா நான் உன்கிட்ட பேசவே மாட்டேன்.”

“சொல்ல மாட்டேன்டா கண்ணு” என்றேன்.

இரண்டு நாள் அவள் பக்கத்திலேயே இருந்தேன். மூன்றாம் நாள் மாலை, அவள் அப்பா வேலையிலிருந்து வந்த பிறகு மாடிக்குப் போனால், பஸ் தம்பி பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, நீங்க இல்லாத ரெண்டு நாளும் நானே தள்ளி நானே எழுதினேன். ‘பவுடர், அடுத்தது, பவுடர், அடுத்தது’ன்னு ரெண்டே வார்த்தை. முதல் நாள் பத்தொன்பது வந்துச்சு. நேத்து பதினொண்ணுதான்.”

“அதனால என்ன?”

“நீங்க ஒவ்வொண்ணையும் எழுதி முடிக்க நாற்பது விநாடி ஆகும்க்கா. பஸ்ஸுல ஸ்டாப்புக்கு ஸ்டாப் நேரம் பார்க்கிறவன் நான், எனக்குத் தெரியும். அவ்வளவு நேரமும் விளம்பரம் திரையிலேயே நிக்குது. பாப்பா ஆசையா பார்க்கிறான்னு அது நினைச்சிருக்கு.”

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது என்றால் இதுதான். ஒரு மாதமாக அந்த விளம்பரங்களைக் கொட்ட வைத்தது என் மணியான கையெழுத்து. அதைவிட மோசமாக இன்னொன்று புரிந்தது. என் மகளும் இதைத்தான் செய்திருக்கிறாள். கை வைக்காமல், கேட்காமல், பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

“விசாரணைக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு” என்றார் டீச்சர். “இதை நாமளா சொன்னா நோட்டைத் தூக்கிக் குப்பையில போட்டுடுவாங்க. சொல்லலைன்னா யாருக்குத் தெரியப் போகுது?”

“ஆப் கம்பெனிக்குத் தெரியும் டீச்சர். பாப்பா எத்தனை விநாடி பார்த்தான்னு அவங்ககிட்ட பதிவு இருக்கும். இல்லைன்னா எப்படி அடுத்தடுத்து அனுப்புவாங்க? பொய்ச் சாட்சி குறுக்கு விசாரணையில என்ன பாடு படும்னு தினமும் டைப் அடிக்கிறவ நான். நாமளே சொல்லிடலாம். இன்னொரு போனும் வைப்போம்.”

அன்றே இன்னொரு போன் வாங்கி, அதே வயதில் இன்னொரு கணக்குத் தொடங்கினோம். அதற்குத் தங்கச்சி என்று பெயர். தங்கச்சிக்கு எது வந்தாலும் மூன்று விநாடி, உடனே தள்ளல். எழுதுவதற்குப் பதில் மேலே ஒரு கேமரா பொருத்தினோம். பாப்பாவிடம் மறுபடி நான் உட்கார்ந்து, பழையபடி நிதானமாக எழுதினேன். ஒரு நாள்கூட யாரும் விடுப்பு எடுக்கவில்லை. டீச்சர் காய்ச்சலோடு வந்து உட்கார்ந்தார். ஒன்பதாம் நாள் தங்கச்சிக்கு வந்த பவுடர் விளம்பரம் மூன்று. பாப்பாவுக்கு முப்பத்தெட்டு.

விசாரணை அறையில் எல்லாவற்றையும் நானே சொன்னேன், என் தவறையும் சேர்த்து. குழுவின் தலைவி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்த ஒரு வயதான அம்மா, பாப்பாவின் நோட்டையும், தங்கச்சியின் கேமராப் பதிவைப் பார்த்து எழுதிய பட்டியலையும் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஆப் கம்பெனியின் வக்கீல் எழுந்தார். நல்ல குரல். பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம் அதில் தெரிந்தது.

“ஆக, உங்க கைதான் இந்த விளம்பரங்களை வரவழைச்சிருக்கு?”

“ஆமா.”

“நீங்க எழுதறதுக்காகத் திரையை நிறுத்தி வெச்சீங்க. விளையாட்டுப் பிள்ளைங்க அப்படியா பார்ப்பாங்க? பிடிக்காததை ஒரு நொடியில தள்ளிட்டுப் போயிடுவாங்க. ஒரு விளம்பரத்தை நாற்பது விநாடி உத்துப் பார்க்கிற பிள்ளை எங்கேம்மா இருக்கு? ஒரே ஒரு பிள்ளையைக் காட்டுங்க, நான் உட்கார்ந்துடறேன்.”

காட்டியிருக்கலாம். பஸ்ஸில் இருபது நிமிஷ தூரத்தில் இருந்தாள். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அந்த அறையில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், விதி வந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. நாக்கு நுனிவரை வந்தது. டீச்சர் என்னைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் ஏதோ இருக்கிறது என்று புரிந்துவிட்டது.

“எனக்கு ஒரு பிள்ளையைத் தெரியும்” என்றேன். “காட்ட மாட்டேன்.”

“ஏன்?”

“பிள்ளையைக் காட்டிப் பிழைக்கிறது உங்க கட்சிக்காரர் தொழில். என் தொழில் இல்லை.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வக்கீலும் சிரித்தார். “அப்போ அப்படி ஒரு பிள்ளையே இல்லைன்னு எடுத்துக்கலாமா?”

“அது எப்படி எடுத்துக்க முடியும் சார்? ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை விநாடி பார்த்ததுன்னு என்கிட்ட பதிவு இல்லை. உங்ககிட்டதானே இருக்கு? என் கை நாற்பது விநாடி நின்னதைக்கூட உங்க கட்சிக்காரர் கவனிச்சிருக்காரே. அங்கேயே கேட்டுப் பாருங்க.”

வக்கீல் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் தலைவி நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிவிட்டார்.

“நல்ல கேள்விதான் கேட்டீங்க வக்கீல் சார், எங்கே அந்தப் பிள்ளைன்னு. எனக்கும் தெரிஞ்சாகணும். பதின்மூன்றுலேர்ந்து பதினைஞ்சு வயசு வரைக்கும், போன மாசம் மட்டும், இவங்க பாப்பா கணக்கை விட்டுட்டு, இந்தப் பவுடர் விளம்பரத்தை நாற்பது விநாடிக்கு மேலே பார்த்த பிள்ளைங்க எத்தனை பேர்? பேர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும். பதினாலு நாள்ல எழுத்துல கொடுங்க.”

“அது கம்பெனியோட தொழில் ரகசியம்மா...”

“இப்போதான் அப்படி ஒரு பிள்ளையே இல்லைன்னீங்க. இல்லாததுல என்ன ரகசியம்?”

அன்று வீட்டுக்குப் போனதும் மகள் கேட்ட முதல் கேள்வி, “என்னைப் பத்திச் சொன்னியா?”

“இல்லை.”

“சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்பீங்களா?”

“இருக்கலாம்.”

இப்போது அவள் வாரம் ஒரு முறை ஆலோசகரிடம் போய்வருகிறாள். இன்னும் பாதித் தட்டுதான் சாப்பிடுகிறாள், அந்தப் பாதியை என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். சீக்கிரம் சரியாகிவிடும் என்று பொய் சொல்ல மாட்டேன்.

பதினாலாம் நாள் மறுபடி அந்த அறையில் கூடினோம். வக்கீல் ஒரு உறையைக் கொடுத்துவிட்டு, அதைப் பிரிப்பதற்கு முன்பே தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளே ஒரே ஒரு தாள். தலைவி அதை மனதுக்குள் ஒரு முறை படித்தார், பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்.

எண்பத்தாறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

ஒருத்தியை எனக்குத் தெரியும். மீதி எண்பத்தாறாயிரத்து நானூற்றுப் பதினோரு பேரின் வீட்டில் இன்னும் தெரியாது.