கேட்டுக்கு எண்ணெய் போட்ட செகரட்டரி

“எண்ணெய்தானேய்யா போட்டேன், விஷமா வச்சேன்?” என்று குடியிருப்புச் சங்க செகரட்டரி கத்தியது நாலு மாடிக்கும் கேட்டது.

“விஷம் வச்சிருந்தா நான் மட்டும்தான் போயிருப்பேன். நீங்க கேட்டையே கொன்னுட்டீங்க,” என்று கடூரமும் தன் பங்குக்குக் கத்தினார்.

கடூரத்தின் மனைவி அப்போதுதான் பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு வேலை முடிந்து, கைப்பையைக் கூடத் தோளிலிருந்து இறக்காமல் படிக்கட்டின் கீழே நின்றிருந்தாள். யார் பக்கம் பேசுவதென்று அவளுக்கே தெரியவில்லை. வாசலில் கட்டடத்தின் இரும்பு கேட் பச்சைப் பெயின்ட் பளபளக்க, கல்யாணப் பெண் மாதிரி சத்தமே இல்லாமல் நின்றுகொண்டிருந்தது.

கடூரம் என்பது அவர் பெற்றோர் வைத்த பெயர் அல்ல. கர்ணகடூரம் என்று யாரோ ஆரம்பித்து, வாய் வலித்துச் சுருக்கிக்கொண்டது. அவர் இசையமைப்பாளர். சினிமாவுக்கா என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டவர்கள் அரை நாள் விளக்கம் கேட்டுத் திரும்பியிருக்கிறார்கள். வயலின், செல்லோ என்று மேடை நிறைய ஆட்களை உட்காரவைத்து வாசிக்கிற செவ்வியல் இசை. அதிலும் இதுவரை யாரும் செய்யாததைச் செய்கிற பிரிவு. யாரும் செய்யாததற்கு ஏதாவது காரணம் இருந்திருக்கும் என்பது கட்டடத்தின் பொதுக் கருத்து.

அவருடைய முதல் படைப்பில் நாலு பேர் வயலினைக் குப்புறப் பிடித்து முதுகில் வில்லைத் தேய்த்தார்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் மனசு கேட்காமல் எழுந்து, “தம்பி, திருப்பிப் பிடிங்கப்பா,” என்று சொல்லிக்கொடுத்தார். அடுத்தது, மனைவியின் கிளினிக்கில் பல் துளைக்கிற சத்தத்தைப் பதிவு செய்து அதற்குப் பக்கவாத்தியமாகப் புல்லாங்குழல் வைத்தது. சபை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறியது. டாக்டருக்குப் புதிதாகச் சில நோயாளிகள் கிடைத்ததுதான் கண்ட லாபம்.

அதற்குப் பிறகுதான் மனைவி அவரை உட்காரவைத்துப் பேசினாள். அவள் அண்ணனின் குளியலறைச் சாமான் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை. அதுவும் ஊத்திக்கொண்டால் மச்சான் கடைக்குப் போய் உட்கார வேண்டும். கடூரம் தலையாட்டினார். அண்ணனும் நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டான்.

அந்த ஒரே தடவைக்கு அவர் பிடித்ததுதான் இந்த கேட். திறக்கும்போது கிரீ என்று மெல்ல ஏறும். பாதியில் விம்மலெடுத்த மாதிரி உடையும். கடைசியில் வேலைக்குப் போக மனமில்லாதவன் போல ஒரு முனகல். மாடியில் இருந்தபடியே, வருவது மனைவியா கூரியர்காரனா என்று அந்தச் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். கேட்டை முன்வைத்து, முழு இசைக்குழுவுக்கும் வருஷக்கணக்கில் உட்கார்ந்து எழுதினார். என்ன அதிசயமோ, பெரிய அரங்கம் ஒன்று ஒத்துக்கொண்டது. கேட்டைக் கழற்றி, லாரியில் ஏற்றி, மேடையில் சட்டம் அடித்து நிறுத்துவதாக ஏற்பாடு.

கேட்டை வாசிக்க வேண்டிய தாளவாத்தியக்காரன் தினமும் காலையில் வந்து திறந்து மூடிப் பழகினான். முதலில் திருடன் என்றார்கள், அப்புறம் புது வாட்ச்மேன் என்றார்கள். அவன் பயிற்சி நேரமும் செகரட்டரி மகள் ஆபீஸ் கிளம்பும் நேரமும் ஒத்துப்போனதைக் கவனிக்காதவர் அந்தக் கட்டடத்தில் ஒருவர்தான். அது செகரட்டரி.

பொதுச்சொத்தை வெளியே எடுத்துப் போவதாவது என்று ஆரம்பத்தில் குதித்தவர், அரங்கத்தின் போஸ்டரில் தன் கேட்டின் படத்தைப் பார்த்ததும் ஒரேயடியாக மாறிப்போனார். நம்ம கேட் மேடையேறுகிறது, பிச்சைக்காரன் மாதிரியா போகும்? ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைத் துறந்து, துரு தேய்த்து, பெயின்ட் அடித்து, கீல் நிறைய எண்ணெயும் விட்டார். கச்சேரி வெள்ளிக்கிழமை.

சண்டை ஓய்ந்ததும் கட்டடமே வைத்தியத்தில் இறங்கியது. சோப்புத் தண்ணீர், உப்புத் தண்ணீர், மண் எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். கேட் வாயைத் திறக்கவில்லை. மாற்று கிரீச் தேடி கடூரம் வீடு வீடாகப் போய் பீரோ, ஜன்னல் எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்தார். மூன்றாம் மாடிப் புதுத் தம்பதியின் கட்டில் சுமாராகக் கத்தியது. “இது எனக்குப் பழக்கமான சுரம்தான்,” என்று அவர் வாய்தவறிச் சொல்லிவைக்க, அவர்கள் ரொம்ப நாளைக்கு யார் முகத்திலும் விழிக்கவில்லை. கடைசியில், மேடை வெளிச்சச் சூட்டில் எண்ணெய் காய்ந்தாலும் காயும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு கேட்டை அப்படியே லாரியில் ஏற்றினார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு வரிசை முழுக்கக் கட்டடத்து ஆட்கள். செகரட்டரி இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில், கடூரத்தின் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இசைக்குழு தன்னால் முடிந்த அளவு இரைந்துவிட்டு நின்றது. கேட்டின் முறை வந்தது. தாளவாத்தியக்காரன் இழுத்தான். கேட் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு திறந்தது. மூடி, மறுபடி இழுத்தான். ஒரு முனகல் கூட இல்லை. இசைக்குழு நடத்துனரின் குச்சி அந்தரத்தில் நின்றது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

முன்னால் உட்கார்ந்திருந்த கணவனின் தலை மெல்லத் தொங்குவதை அவள் பார்த்தாள். துடைத்து வைத்த நாற்காலி ஞாபகம் வந்தது. நாளையிலிருந்து இந்த மனுஷன் குழாய் விற்க வேண்டும். விற்பாரா, ஒழுகுகிற குழாயைக் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டு நிற்பாரா? இவ்வளவு நாள் அவள் கேட்டதுதான் கிடைக்கப்போகிறது. கிடைக்கிற நேரத்தில் பார்த்தால் அது அவளுக்கு வேண்டியதாக இல்லை.

வாயைத் திறந்து, அடிவயிற்றிலிருந்து கிரீச் என்றாள்.

அரங்கமே திரும்பியது. செகரட்டரிக்குப் பொறுக்கவில்லை. “அப்படி இல்லம்மா, நடுவுல உடையணும்,” என்று திருத்திவிட்டு, எழுந்து நின்று, விம்மலும் முனகலுமாக முழுசாக ஒரு கிரீச் கொடுத்தார். தினமும் கேட்டுக் கேட்டு வெறுத்த சத்தம், ஒரு இழை பிசகவில்லை. அப்புறம் மூன்றாம் மாடித் தம்பதி, தரைத்தளத்துத் தையல்காரர் என்று வரிசை முழுக்கப் பிடித்துக்கொண்டது. தாளவாத்தியக்காரன் கெட்டிக்காரன், அவர்கள் சத்தத்துக்குத் தகுந்தபடி கேட்டை ஆட்டினான். நடத்துனர் இவர்கள் பக்கம் திரும்பிக் குச்சியை அசைத்தார். கடூரம் மட்டும் திரும்பவே இல்லை. தோள்கள் குலுங்கியது அழுகையா சிரிப்பா என்று கட்டடத்தில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு.

கேட் மேடையை விட்டு மக்களிடம் இறங்கி வந்துவிட்டது என்று பத்திரிகையில் ஒரு விமர்சகர் எழுதினார். மற்ற ஊர்களிலிருந்தும் அழைப்பு வந்தது. கட்டடத்து ஆட்களையும் அழைத்து வரவேண்டும் என்ற நிபந்தனையோடு. செகரட்டரி இப்போது தொண்டைக்கு வெந்நீர் தவிர எதுவும் குடிப்பதில்லை. அப்படி ஊர் ஊராகப் போன இடத்தில்தான் மகள் விஷயம் அவர் கண்ணில் பட்டது. “எத்தனை நாளா?” என்றார். “நீங்க எண்ணெய் போடறதுக்கு முன்னாடியிலிருந்து,” என்றாள் அவள். கல்யாணம் முடிந்து அவளும் தாளவாத்தியக்காரனும் அரங்கத்துப் பக்கமாகவே குடிபோய்விட்டார்கள். அண்ணன் கடை நாற்காலியில் இப்போது அவனுடைய கொழுந்தியாள் புருஷன் உட்கார்ந்திருக்கிறான்.

கடூரத்துக்கு இசைக்குழுவே வீடு கொடுத்தது. புதுக் கட்டடம். கேட் தானே திறந்து தானே மூடிக்கொள்ளும், மூச்சுச் சத்தம் கூடக் கிடையாது. யார் வருகிறார்கள் என்று தெரியாமல் அவர் ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்து, ஒரு வரி கூட எழுத முடியாமல் தவித்தார். அதனால் அவள் கிளினிக் விட்டு வந்ததும் வாசலிலேயே நின்று, வாயால் ஒரு கிரீச் கொடுத்துவிட்டுத்தான் படியேறுகிறாள். நடுவில் உடைப்பது மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. புது இடத்துக்காரர்கள் அவளுக்குப் பெயர் எதுவும் வைத்ததாகத் தகவல் இல்லை. வைக்காமலா இருப்பார்கள்.