கல்லுக்கு ஒரு இடம்

பெரிய கம்பெனியில் விமானம் ஓட்டிய காலத்திலேயே அவருக்குத் தராசு என்று பெயர் விழுந்துவிட்டது. ஏற்றிய சுமையைத் தன் கண்ணால் ஒருமுறை பார்க்காமல் அவர் கிளம்பியதே இல்லை. அந்த வேலையை விட்டுவிட்டு, மனைவியின் தம்பியோடு சேர்ந்து ஆறு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்றை வாங்கி, வாடகைக் கார் மாதிரி ஓட்டலாம் என்று இறங்கியபோதும், கொட்டகை வாசலில் முதலில் வைத்தது எடை மிஷினைத்தான்.

மச்சினனும் விமானிதான். "கடை திறக்கிறவங்க வாசல்ல பூந்தொட்டி வைப்பாங்க அத்தான். நீங்க ஆளை நிறுத்துப் பாக்குற மிஷின் வைக்கிறீங்க" என்று சிரித்தான்.

இன்று முதல் சவாரி. வந்தவர் ஒரு கட்டட கான்ட்ராக்டர். மலை ஊரில் அவர் கட்டிய விருந்தினர் மாளிகைக்கு நாளைக் காலை திறப்பு. "பிடிச்சிருந்தா வாராவாரம் உங்க விமானம்தான்" என்று போனில் சொல்லியிருந்தார். அப்படி ஒரு வாடிக்கை அமையாவிட்டால் விமானத்தையே விற்க வேண்டியதுதான் என்பது இருவருக்கும் தெரியும். தராசு கண்ணை மூடி ஆண்டவனிடம் கேட்டதும் அந்த வாடிக்கையைத்தான்.

கான்ட்ராக்டர் வேர்க்கடலை கொறித்துக்கொண்டே வந்தார். கழுவி ஈரம் காயாத தரையில் தோலைத் துப்பினார். விரலை வாய்க்குள் விட்டுப் பல்லிடுக்கைத் துழாவி, அதே விரலை விமானத்தின் வெள்ளைக் கதவில் துடைத்தார். தராசு அருவருத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். மச்சினன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

கூட இரண்டு நண்பர்கள். பின்னால், வீங்கிய முழங்காலைத் தாங்கித் தாங்கி நடந்து வந்தார் கான்ட்ராக்டரின் அக்கா. அந்த மலை ஊரில் அவருடைய மகளுக்கு முந்தாநாள்தான் குழந்தை பிறந்திருந்தது. தன் கையால் தைத்த சின்னச் சட்டைகளை ஒரு பையில் வைத்து மார்போடு அணைத்திருந்தார்.

அவர் மிஷினில் ஏறியதும் கான்ட்ராக்டர் எட்டிப் பார்த்து எடையைக் கொட்டகை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "எங்க அக்கா ஒன்றரை சிமெண்ட் மூட்டை." நண்பர்கள் சிரித்தார்கள். அந்த அம்மாவும் கூடச் சிரித்தார். நெடுநாள் பழகிய சிரிப்பு அது. தராசு எண் தெரியும் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்புறம் வேனிலிருந்து சாக்கு சுற்றிய பெரிய கல் ஒன்றை இறக்கினார்கள். போனில் இதைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை. மிஷினில் வைத்தபோது சாக்கு நழுவியது. கருங்கல்லில் பொன்னெழுத்து: 'அக்கா இல்லம். தம்பியின் அன்புக் காணிக்கை.'

அந்த அம்மா அதை அப்போதுதான் பார்க்கிறார் போலிருந்தது. மெல்ல வாசித்துவிட்டு, "எழுத்து நல்லா வந்திருக்கு" என்றார்.

தராசு கூட்டிப் பார்த்தார். "ஓர் ஆள் எடை கூடுதலா இருக்கு சார். இப்படியே கிளம்ப முடியாது. கல்லு நாளைக்கு வரட்டும்."

"நாளைக்குப் பேப்பர்காரங்க வர்றாங்க. கல்லு இன்னைக்கே போகணும்."

"அப்போ நண்பர்கள்ல ஒருத்தர்..."

"அப்புறம் சீட்டாட ஒரு கை குறையுமே, ஆளுக்கு நான் எங்கே போறது?" அவர் திரும்பினார். "அக்கா, நீ பஸ்ல வந்துடேன். நாளைக்கு வந்து சேர்ந்துடுவ. குழந்தை எங்கே ஓடிடப் போகுது?"

"அதுக்கென்னப்பா" என்றார் அக்கா. பையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"அதுதான் சரி சார்" என்றான் மச்சினன். அவன் தராசின் முகத்தைப் பார்க்கவில்லை.

கடலைத் தோலைக் கண்டு வந்த குமட்டல் ஒன்றுமே இல்லை என்றாகிவிட்டது. அக்காவின் பெயரைச் சுமந்துகொண்டு கல் பறக்குமாம். அக்கா மலைப்பாதையில் ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் குலுங்க வேண்டுமாம். அதற்குத் தலையாட்டுகிறான், தான் கைப்பிடித்து இந்தத் தொழிலுக்கு அழைத்து வந்த பையன். தராசுக்கு அவனைத் தொடவே கூசியது.

முதல் சவாரியில் இருவரும் சேர்ந்து பறப்பது என்பது பல வருஷக் கனவு. தராசு தலைத் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "ஓட்ட ஒருத்தர் போதும். என் எடை குறைஞ்சா கணக்கு சரியாப் போகும். வாங்கம்மா, நீங்க முன்னாடி உக்காருங்க."

"ஐயோ, நீங்க வேண்டாமா தம்பி?"

"எனக்கு இங்கே கூட்டுற வேலை இருக்கு."

கையைப் பிடித்து ஏற்றி, பெல்ட்டை மாட்டிவிட்டார். கல்லையும் அவரே கட்டி, கயிற்றை இழுத்துப் பார்த்தார். தன் கையால் அதைக் கட்ட வேண்டியிருந்ததும் அவருக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. மச்சினன் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "வானத்தைப் பாத்து ஓட்டு" என்று கதவைச் சாத்தினார்.

சாயங்காலம் மச்சினன் மட்டும் விமானத்தோடு திரும்பினான். உள்ளே எப்படிக் கிடக்குமோ என்று முகத்தைச் சுளித்தபடி, தராசு வாளித் தண்ணீரோடு போனார். கதவைத் திறந்தால் தரை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஓரத்தில் ஒரு காகிதப் பொட்டலம், உள்ளே கடலைத் தோல். முன்னிருக்கை பெல்ட் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"இதையும் அந்த அம்மா தலையிலதான் கட்டினாரா அந்த மனுஷன்?"

"இல்ல அத்தான். அவரு இறங்கிப் போய்ட்டாரு. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். 'அந்தத் தம்பி இதுக்கும் குனிய வேண்டாம்'னு முட்டி போட்டுப் பொறுக்குனாங்க. அந்தக் காலோட." மச்சினன் பொட்டலத்தைப் பார்த்தான். "நானும் கூட உக்காந்து பொறுக்கினேன்."

தராசு வாளியைக் கீழே வைத்தார்.

"அடுத்த வாரத்துக்கு அவரு கேட்டாரு. முதல்ல மனுஷங்க, மிச்சம் எடை இருந்தா சாமான்னு சொல்லிட்டேன்."

"என்ன சொன்னார்?"

"வேற விமானம் பாத்துக்கிறாராம்."

நம்பியிருந்த ஒரே வாடிக்கை போயிற்று. தராசு கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். காலையில் துப்பிய தோல் வாசல் தரையில் காய்ந்து ஒட்டியிருந்தது. பகல் முழுக்க அதைத் தொட மனம் வராமல் விட்டிருந்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு அங்கே நடந்தார்.

மச்சினன் முந்திக்கொண்டு துடைப்பத்தை எடுத்தான். "நீங்க தண்ணியை ஊத்துங்க அத்தான். நான் தேய்க்கிறேன்."