இல்லாத கட்டடம்

பெர்லாட்டுக்கு நகரமைப்பு இயக்குநர் பதவியைக் கொடுத்த புண்ணியவானையும் நூரியின் ஹோட்டல் உச்சியில் தொங்கும் பஞ்சுக் கரடியோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட வேண்டும் என்று ஃபத்பார்தாவுக்குத் தோன்றியது. அந்த ஊரில் கட்டி முடியாத வீட்டில் கண்ணேறு படாமலிருக்கக் கரடி பொம்மை தொங்கவிடுவார்கள். நூரி ஐந்து மாடியை வாடகைக்கு விட்டுவிட்டு ஆறாவதில் வேலை முடியாததுபோல் கம்பியை நீட்டிவைத்திருந்தான். கரடி நான்கு வருடமாக மழையில் நனைந்து அழுகிக்கொண்டிருந்தது.

ஃபத்பார்தா மின்வாரியத்து இன்ஜினியர். போன பிப்ரவரியில் காற்றில் மின்கம்பி அறுந்து, மகப்பேறு மருத்துவமனையில் ஒரு சிசேரியனைக் கைப்பேசி வெளிச்சத்தில் முடித்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தது டாக்டரின் கைராசி. அடுத்த குளிருக்குள் மண்ணுக்கடியில் கேபிள் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்துவிட வேண்டும் என்று அன்றே அவள் முடிவு செய்தாள். பதினோரு அலுவலகங்கள் முத்திரை போட்டுவிட்டன. பன்னிரண்டாவது பெர்லாட். நான்கு முறை திருப்பி அனுப்பியிருந்தான்.

"ஏம்மா, நேரா போற ரோட்டுல கேபிள் ஏன் வளையுது? அது என்ன பாம்பா?"

"ரோட்டுல கட்டடம் இருக்கு சார்."

"எங்க? என் மேப்ல காட்டு பாப்போம்."

மேப்பில் இருபது மீட்டர் அகலத்துக்குச் சாலை ஓடியது. அந்தச் சாலையின் நட்டநடுவில்தான் ஹோட்டல். நூரி, பெர்லாட்டின் மனைவிக்குத் தம்பி. அனுமதி என்ற பேச்சே இல்லாமல் எழுப்பியது. 'இருக்கிறது' என்று ஏதாவதொரு தாளில் ஏறிவிட்டால் இடிக்கிற இலாகாக்காரர்கள் வந்து நிற்பார்கள். அதனால் அந்த ஆறு மாடி இல்லை. அதில் சாப்பிட்டு ஏப்பம் விடுகிறவன் சொல்கிறான், இல்லையென்று. வெட்கங்கெட்ட ஜென்மம்.

"நேரா கோடு போட்டு எடுத்துட்டு வா. தோண்டும்போது கொஞ்சம் ஒதுங்கிப் போயிக்கோ. ஊர்ல எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க? உனக்கு மட்டும் என்ன கொம்பா மொளைச்சிருக்கு?"

ஊர் வழக்கம் அதுதான். தாளில் நேராகப் போகும், மண்ணில் கோணலாகப் போகும். அப்படித்தான் இரண்டு வருடத்துக்கு முன் தாளில் இல்லாத கேபிளைக் கடப்பாரையால் குத்தி ஒரு குழாய்க்காரர் கருகிப்போனார். அவர் வீட்டில் துக்கத்துக்குக் கொடுத்த சர்க்கரையில்லாத காபியின் கசப்பு ஃபத்பார்தாவுக்கு இன்னும் நாக்கில் இருந்தது.

"சரி சார், நேராவே போடறேன்" என்றாள்.

மறுநாள் நேர்கோட்டோடு வந்தாள். பெர்லாட் படத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து வட்ட முத்திரையை எடுத்து, 'ஹா' என்று ஊதி ஓர் அமுக்கு அமுக்கினான். ஊதுவதற்காகவே சம்பளம் வாங்குகிற வாய் அது.

திங்கட்கிழமை காலை பள்ளம் தோண்டும் இயந்திரம் ஹோட்டல் வாசலில் வந்து நின்றது. பெர்லாட்டும் நூரியும் வெளியே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தொழிலாளி சிவப்புச் சாயத்தால் தரையில் கோடு இழுத்துக்கொண்டே வந்தார். படியேறி, பெர்லாட்டின் நாற்காலிக் கால்களுக்கு நடுவே புகுந்து, கண்ணாடிக் கதவுவரை போய் நிறுத்தினார்.

"ஏய், என்ன பண்றீங்க?" நூரி எழுந்தான்.

"ரோட்டைத் தோண்டப் போறோம் தம்பி. கொஞ்சம் நாற்காலியை எடுத்துக்கோங்க" என்றாள் ஃபத்பார்தா.

"உனக்கென்ன பைத்தியமா?" பெர்லாட் கத்தினான். "இவ்ளோ பெரிய கட்டடம் இருக்கு, கண்ணு தெரியலையா?"

"எனக்கு நாலு தடவையும் தெரிஞ்சுது சார். உங்களுக்குத்தான் தெரியல. இன்னைக்குத் தெரிஞ்சிடுச்சுல்ல, அதை அப்படியே எழுதிக் குடுங்க."

பைக்குள் தயாராக வைத்திருந்த பழைய வரைபடத்தை, வளைந்து போகிறதை, காபிக் கோப்பைகளுக்கு நடுவே விரித்தாள். பெர்லாட் இரண்டு பேருக்குப் போன் செய்தான். இருவரும் எடுக்கவில்லை. ஓட்டுநர் இயந்திரத்தை உறுமவிட்டார். மேல்மாடிகளில் ஜன்னல்கள் திறந்தன.

'இங்கே கட்டடம் உள்ளது. கேபிள் சுற்றிச் செல்லலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டான். முத்திரையை எடுத்தவன் ஊதக்கூட மறந்து அமுக்கினான். பாதிதான் விழுந்தது.

"ஊதுங்க சார், தெளிவா விழட்டும். இதுல ஒரு நகல் இடிக்கிற இலாகாவுக்கும் போகணும். சட்டம்."

இன்னொரு முறை ஊதி அமுக்கினான். அவள் தாளை மடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பச் சொல்லி ஓட்டுநருக்குக் கை காட்டினாள்.

நூரி தரையில் கிடந்த சிவப்புக் கோட்டையும் அக்கா புருஷனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இருக்குன்னா எழுதிக் குடுத்தீங்க, மச்சான்? நாலு வருஷமா இல்லாமலே நாம நிம்மதியா இருந்தோமே!"